பழைய கிரெடிட் செல்லுமா?

செராஸில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. தாமான் கனோட்டில் யு.சி.எஸ்.ஐ. பல்கலைக்கழகம். காஜாங் பக்கம் போனால் சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம். பண்டார் துன் ரசாக்கில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை. இவற்றைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: டிப்ளோமாவோடு வேலைக்குப் போனவர்கள், மூன்றாம் செமஸ்டரில் குடும்பப் பாரம் தலையில் விழுந்து படிப்பை விட்டவர்கள், முப்பது வயதுக்குப் பிறகு பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்று மேலாளர் சொல்லிக் கேட்டவர்கள். எம்.ஆர்.டி. வந்த பிறகும் வேலை முடிந்து வகுப்புக்கு ஓட முடியாத இவர்கள் இணையவழிப் படிப்பைத் தேடுகிறார்கள். எந்தக் கல்லூரிக்குப் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “முன்ன படிச்சத கழிச்சுக்குவீங்களா?”

“கழிச்சுக்குவோம்” என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு, எதை, எந்த நிபந்தனையில் என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பேச்சு இழுபடுகிறது. அந்த இழுபறிக்குக் காரணம் கல்லூரிகளின் கள்ளத்தனம் என்று நான் நினைக்கவில்லை. நம் நாட்டு விதிகள் உச்சவரம்பைச் சொல்கின்றன. மாணவனுக்கு இவ்வளவு கிடைத்தே தீர வேண்டும் என்ற குறைந்தபட்சத்தைச் சொல்வதில்லை. சேர்ந்தே முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயத்தில் பேனா ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு கிரெடிட் மாற்றம் புதிதல்ல. இங்குள்ள தனியார் கல்லூரித் தொழிலே அதன்மேல் கட்டப்பட்டதுதான். 1971-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பின் தனியார் கல்லூரிகள் சொந்தமாகப் பட்டம் வழங்க வழியில்லாமல் போனது. அரசுப் பல்கலைக்கழகங்களிலோ இடம் குறைவு. 1980-இல் தாட்சர் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு முழுக் கட்டணம் விதித்ததும், லண்டனுக்குப் பிள்ளையை அனுப்பத் திட்டமிட்டிருந்த பெற்றோர் திகைத்தார்கள். அந்தத் திகைப்பிலிருந்து பிறந்ததுதான் ‘டுவின்னிங்’. முதல் ஓராண்டையோ ஈராண்டையோ இங்கே உள்ளூர்க் கட்டணத்தில் படித்துவிட்டு, மீதியை அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ முடிப்பது. ஷா ஆலமில் மாரா தொழில்நுட்பக் கழகம் 1985-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கிய திட்டம், சன்வே கல்லூரி 1987-இல் மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட ஏற்பாடு ஆகியவை இதன் தொடக்ககால உதாரணங்கள். ‘டூ பிளஸ் டூ’, ‘டூ பிளஸ் ஒன்’ என்ற சொற்கள் வீட்டுப் பேச்சில் புழங்கின. பிரிக்பீல்ட்ஸிலிருந்த சட்டக் கல்லூரிகள், பிள்ளைகளைக் கடைசி ஆண்டுக்கு பிரிட்டனுக்கு அனுப்பும் வழியையும், இங்கேயே இருந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வை எழுதும் வழியையும் ஒரே கட்டடத்தில் விற்றன.

1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ரிங்கிட் சரிந்தது. கடைசி ஆண்டுக்கு வெளிநாடு போக முடியாமல் தவித்தவர்களுக்காக 1998 முதல் ‘த்ரீ பிளஸ் ஸீரோ’ அனுமதிக்கப்பட்டது. முழுப் பட்டத்தையும் இங்கேயே முடிக்கலாம் என்றானது. இந்தக் காலம் முழுக்க கிரெடிட் இங்கிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் எந்தப் பாடம் ஏற்கப்படும், எது படாது என்ற பட்டியலைக் கல்லூரிகள் முன்கூட்டியே பேசி, எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருந்தன. மாணவன் முதல் செமஸ்டர் கட்டணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பட்டியல் அவன் கையில் இருந்தது. இன்று உள்நாட்டுக்குள்ளேயே, ஒரே அமைச்சின் கீழ் இயங்கும் இரண்டு நிலையங்களுக்கிடையே மாறும் மாணவனுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. பசிபிக்கைத் தாண்டிய கிரெடிட், செராஸிலிருந்து கெலானா ஜெயாவுக்குப் போக முக்குகிறது.

தொலைநிலைக் கல்வியின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 1971-இலேயே பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம், யு.எஸ்.எம்., வேலைபார்ப்போருக்கான வெளிவளாகப் படிப்பைத் தொடங்கிவிட்டது. பள்ளி ஆசிரியர்கள் பலர் அவ்வழியில் பட்டம் பெற்றார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் யுனிதார் இணையவழிப் பல்கலைக்கழகமாகப் புறப்பட்டது. 2000-இல் அரசுப் பல்கலைக்கழகங்கள் பதினொன்று சேர்ந்து மலேசியத் திறந்த பல்கலைக்கழகத்தை, நாம் சுருக்கமாகச் சொல்லும் ஓ.யு.எம்.-ஐ நிறுவின. பினாங்கிலிருந்து வாவாசான் திறந்த பல்கலைக்கழகமும், கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஆசிய இ பல்கலைக்கழகமும் அந்தப் பத்தாண்டிலேயே வந்தன. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் எல்லாக் கல்லூரியும் ‘ஆன்லைன்’ ஆனது. ஆனால் அவசரத்துக்கு வகுப்பை ஸூமுக்கு மாற்றுவது ஒன்று. திறந்த தொலைநிலைப் படிப்பாகவே அங்கீகாரம் பெறுவது வேறு. மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. 2019-இல் இதற்கெனத் தனி நடைமுறை விதிகளை வெளியிட்டது. ஒரே கல்லூரியின் ஒரே பெயர்கொண்ட பட்டம் வளாக முறையில் அங்கீகாரம் பெற்றிருக்கும், தொலைநிலை முறையில் இன்னும் பெறாமலிருக்கலாம். மலேசியத் தகுதிப் பதிவேட்டில் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது. எந்த முறை என்பதையும் பார்க்க வேண்டும். அங்கீகார எண்ணில் ‘பிஏ’ என்றிருந்தால் தற்காலிகம், ‘எஃப்ஏ’ என்றிருந்தால் முழு அங்கீகாரம்.

இனிக் கணக்கு. மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது மாணவனின் 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, சொந்தப் படிப்பு, அசைன்மெண்ட், தேர்வு எல்லாம் அதில் அடக்கம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைக்கு 120. அதாவது ஒரு பட்டம் 4,800 மணி நேரம். பிரிட்டனில் ஒரு கிரெடிட் 10 மணி, பட்டத்துக்கு 360. மொத்தம் 3,600 மணி. ஐரோப்பாவில் 25 முதல் 30 மணி. இலங்கைத் தகுதிச் சட்டகத்தில் 50. இந்தியாவின் தேசியக் கிரெடிட் சட்டகத்தில் 30. இப்போது பிரிட்டிஷ் பட்டப்படிப்பில் ஓராண்டு முடித்து 120 கிரெடிட்டோடு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். மணிக்கணக்கில் பார்த்தால் அவை 1,200 மணி, நம் 30 கிரெடிட். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் மூன்றாண்டுப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு, நம் 40 கிரெடிட். இரண்டுக்கும் இடையே பத்து கிரெடிட், ஏறக்குறைய மூன்று பாடம், ஒரு செமஸ்டரின் கணிசமான பகுதி. எந்தக் கணக்கை எடுப்பது என்பதைப் பெறும் கல்லூரிதான் தீர்மானிக்கிறது.

உள்நாட்டு மாற்றத்தில் இரண்டு வகை. ஒரே நிலையிலுள்ள படிப்புகளுக்கிடையே மாறுவது கிடைநிலை: பாதிப் பட்டத்தை ஓரிடத்தில் விட்டு இன்னோரிடத்தில் தொடர்வது. கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குக் கொண்டுபோவது செங்குத்து: டிப்ளோமாப் பாடங்களைப் பட்டத்தில் கழிப்பது. கிடைநிலையில் விதி தாராளமானது. பொதுவாகப் பெறும் கல்லூரியில் குறைந்தது ஓராண்டாவது படித்திருந்தால் போதும். செங்குத்தில் அப்படியில்லை. கல்லூரிகள் பின்பற்றிவரும் அளவுகோல்படி பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காட்டுக்கு மேல் கழிக்கக்கூடாது. பாடத்தில் குறைந்தது ‘சி’ வாங்கியிருக்க வேண்டும். உள்ளடக்கம் 80 விழுக்காடு பொருந்த வேண்டும்.

செராஸில் வேலை பார்க்கும் ஒரு தாதியைக் கற்பனை செய்வோம். தாதிமைத் துறையில் டிப்ளோமா, பதிவு பெற்றவர், எட்டு ஆண்டு வார்டு அனுபவம், ஷிப்ட் வேலை. இணையவழியில் தாதிமை இளங்கலை படிக்க விண்ணப்பிக்கிறார். 120-இல் 30 விழுக்காடு என்றால் 36 கிரெடிட், மூன்று கிரெடிட் பாடங்கள் பன்னிரண்டு. அவர் டிப்ளோமாவில் உழைத்தது குறைந்தது 90 கிரெடிட், 3,600 மணி நேரம். அதில் உச்சமாகச் செல்லுபடியாவது 1,440 மணி. மற்றது, பட்டத்துக்கு உள்ளே போகும் நுழைவுச்சீட்டாக மட்டும் பயன்படுகிறது.

இது அநியாயம் என்று உடனே சொல்லிவிட முடியாது. டிப்ளோமா தகுதிச் சட்டகத்தில் நான்காம் நிலை, இளங்கலை ஆறாம் நிலை. முதலாண்டு உடற்கூற்றியலும் மூன்றாமாண்டு ஆய்வு முறையியலும் ஒரே எடையல்ல. ஆனாலும் ஒரு முரண் உறுத்துகிறது. நம் டிப்ளோமாவை எடுத்துக்கொண்டு போனால் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பல நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கின்றன; சில துறைகளில் கடைசி ஆண்டிலேயே சேர்க்கின்றன. சொந்த நாட்டில்தான் அது மூன்றில் ஒன்றுக்கும் கீழே நிற்கிறது. இந்த உச்சவரம்பு யாரை அதிகம் பாதிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வழியாக நேரே பட்டத்துக்குப் போனவன் கல்லூரி மாறினால் அவனுக்குத் தாராளம். எஸ்.பி.எம். முடித்து, சான்றிதழ், டிப்ளோமா என்று படிப்படியாக ஏறியவனுக்குக் கெடுபிடி. நம் பிள்ளைகள் எத்தனை பேர் இந்த இரண்டாம் வழியில் வந்தவர்கள் என்பது கிள்ளானிலும் செராஸிலும் வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த 80 விழுக்காட்டுப் பொருத்தத்தை ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்தால்தான் இதன் தன்மை புரியும். விண்ணப்பத்தோடு ஒரு படிவம். இடப்பக்கம் பழைய கல்லூரிப் பாடத்தின் குறியீடு, பெயர், கிரெடிட், கிரேடு. வலப்பக்கம் புதிய கல்லூரியில் அதற்கு ஈடாகக் கேட்கும் பாடம். பின்னால் இரண்டு பாடங்களின் ‘கோர்ஸ் அவுட்லைன்’. துறைப் பொறுப்பாளர் தலைப்பு தலைப்பாக டிக் போட்டுக்கொண்டு வருவார். வணிகப் புள்ளியியல் என்றால் சராசரி, நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல், கருதுகோள் சோதனை, தொடர்புப் போக்கு. பழைய அவுட்லைனில் கடைசி இரண்டும் இல்லையென்றால் ஐந்தில் மூன்று, 60 விழுக்காடு. பாடம் போச்சு. பெயர் ஒன்றாக இருந்தும் பயனில்லை. பெயர் வேறாக இருந்து உள்ளடக்கம் பொருந்தினால் கிடைத்துவிடும். இன்னொரு சிக்கல்: பழைய பாடம் இரண்டு கிரெடிட், புதியது மூன்று என்றால் அதுவும் தட்டும், சில இடங்களில் இரண்டு பழைய பாடங்களைச் சேர்த்து ஒன்றுக்கு ஈடாக ஏற்பார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

ஆகவே மதிப்புள்ள காகிதம் டிரான்ஸ்கிரிப்ட் மட்டுமல்ல, அந்த அவுட்லைன்தான். பட்டமளிப்பு விழாப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் அவுட்லைனை செமஸ்டர் முடிந்த மறுநாள் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்துப் பழைய கல்லூரியில் கேட்டால் பாடத்திட்டம் இரண்டு முறை மாறியிருக்கும்; நீங்கள் படித்த ஆண்டின் பிரதியைத் தேட அங்கே ஆள் இருக்காது. கல்லூரியே இல்லாமலும் போயிருக்கலாம்.

செராஸ்காரர்களுக்கு இது வெறும் கற்பனையல்ல. ஒன்பதாம் கட்டையில் இருந்த மாஸ்டர்ஸ்கில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒரு காலத்தில் தாதிமைப் படிப்புக்குப் பேர்போனது. பி.டி.பி.டி.என். கல்விக் கடனோடு நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். இந்தியப் பிள்ளைகளும் திரளாக இருந்தார்கள். 2010-இல் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. தாதிமை டிப்ளோமாவுக்கு எஸ்.பி.எம்.-இல் ஐந்து பாடங்களில் ‘கிரெடிட்’ தேர்ச்சி வேண்டும் என்று நுழைவுத் தகுதி உயர்த்தப்பட்டதும், வேலையில்லாத தனியார் கல்லூரித் தாதிகளைப் பற்றிய பேச்சு நாட்டில் கிளம்பியதும் அந்தக் காலத்தில்தான். மாணவர் சேர்க்கை சரிந்தது. பின்னர் அது ஆசிய மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. ஒரு கல்லூரியின் ஏற்றமும் இறக்கமும் வணிகச் செய்தி. ஆனால் பெயர் மாறிய, இடம் மாறிய, மூடிய நிலையங்களில் படித்தவர்கள் தங்கள் டிரான்ஸ்கிரிப்டை எந்த வாசலில் போய்க் கேட்பது என்பது ஒரு தலைமுறையின் அன்றாடப் பிரச்சினை.

பொதுப் பாடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்பு ‘லான் சப்ஜெக்ட்’ என்று மாணவர்கள் அலுத்துக்கொண்ட கட்டாயப் பாடங்கள் 2013 முதல் எம்.பி.யு. என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்டன. டிப்ளோமாவில் படித்த எம்.பி.யு. பட்டநிலை எம்.பி.யு.வுக்கு ஈடாகாது. அதற்கு முந்தைய காலத்தில் மலேசிய ஆய்வியல் படித்தவரும் புதிதாகத்தான் உட்கார வேண்டியிருக்கும். நாற்பது வயதில் குடியியல் விழுமியங்களைப் பற்றி மறுபடி அசைன்மெண்ட் எழுதும் பெரியவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

கல்லூரிக்கு வெளியே கற்றதற்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. அப்பெல் என்ற முன்னனுபவ அங்கீகாரம். அதன் ‘ஏ’ பிரிவு நுழைவுக்கு: எஸ்.பி.எம். கைகொடுக்காதவர்கூட 21 வயது கடந்து, தொடர்புள்ள வேலை அனுபவம் இருந்து, மதிப்பீட்டில் தேறினால் இளங்கலையில் சேரலாம். ‘சி’ பிரிவுதான் நம் விஷயம்: வேலையில் கற்றதைச் சவால் தேர்வு எழுதியோ ஆவணத் தொகுப்பு சமர்ப்பித்தோ பாடக் கிரெடிட்டாக்கலாம், அதுவும் 30 விழுக்காடு வரை. மேலே சொன்ன தாதியின் எட்டு ஆண்டு வார்டு அனுபவம் இங்கேதான் பேசும். இதைப் பற்றி விளம்பரங்களில் அதிகம் காண்பதில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: நுழைவுக்கான அப்பெல் கல்லூரிக்கு ஒரு மாணவனைக் கொண்டுவருகிறது; கிரெடிட்டுக்கான அப்பெல் அந்த மாணவனிடமிருந்து வரும் பாடக் கட்டணத்தைக் குறைக்கிறது.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். பாடம் கழிந்தால் கட்டணமும் கழியும் என்று நினைப்பது இயல்பு. பாடத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கல்லூரியில் கழியும். முழுப் படிப்புக்கும் ஒரு தொகை என்று வாங்கும் இடத்தில் கழியாமலும் போகலாம். மாற்றத்தைப் பரிசீலிக்கவே தனிக் கட்டணமும் இருக்கலாம். கழிந்த பாடங்களுக்குப் பெரும்பாலும் கிரேடு ஏறாது, கிரெடிட் மட்டும் ஏறும். அதனால் சராசரிப் புள்ளி புதிய பாடங்களிலிருந்து மட்டும் கணக்கிடப்படும். இளமையில் தள்ளாடியவருக்கு இது லாபம். அன்று ‘ஏ’ வாங்கிக் குவித்தவருக்கு நட்டம். இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து கல்விக்குப் பணம் எடுப்பவர்கள் 2024 மே மாதத்துக்குப் பிறகு செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். முதுமைக்கு வைத்த காசு அது. எத்தனை பாடம் கழியும் என்று எழுத்தில் தெரியாமல் அந்தக் காசில் கைவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2004-க்கும் 2009-க்கும் இடையே கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டை இழந்தார்கள் என்று மதிப்பிட்டது. கிரெடிட் முறையைக் கண்டுபிடித்த நாட்டிலேயே இந்தக் கதி. இந்தியா வேறு வழியில் போனது: 2021 ஜூலையில் கிரெடிட் வங்கியைத் தொடங்கியது. மாணவன் தன் பெயரில் கணக்கு வைத்து, பல நிலையங்களில் சேர்த்த கிரெடிட்டை ஏழு ஆண்டு வரை வைத்திருந்து பட்டமாக மாற்றலாம் என்பது ஏற்பாடு. ஸ்வயம் இணையவழிப் பாடங்களிலிருந்து ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு வரை எடுக்கவும் அனுமதி உண்டு. சென்னையிலுள்ள சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு அங்கே ஆன்லைனில் சேர நினைக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே சமமான பட்டம் இங்கே அரசு வேலைக்குத் தானாகச் சமமாகிவிடாது. முன்பு தமிழ்ப் பட்டத்துக்காக இந்தியத் தொலைநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களைக் கேட்டால் அந்த அலைச்சலைச் சொல்வார்கள்.

மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. 2014-இல் மூக் என்ற தேசியத் திறந்த இணையவழிப் பாடங்கள், பிறகு மூக் கிரெடிட்டை ஏற்பதற்கான வழிகாட்டி, 2020-இல் சிறுசான்றிதழ்களுக்கான வழிகாட்டி என்று காகிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. குறை காகிதத்தில் இல்லை. புளோரிடா மாநிலத்தில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு: கல்லூரிகளின் பாடங்களுக்குப் பொதுவான எண். எண் ஒன்றானால் பாடம் ஈடு, ஏற்றே ஆக வேண்டும். கலிபோர்னியாவில் எந்தச் சமூகக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்பதை மாணவன் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளப் பொதுப் பட்டியல் இருக்கிறது. நம் பாலிடெக்னிக் டிப்ளோமாக்கள் நாடு முழுக்க ஒரே பாடத்திட்டத்தில் ஓடுபவை. ஓ.யு.எம்.-இல் பாலிடெக்னிக் கணக்கியல் டிப்ளோமாவின் எந்தப் பாடம் கழியும் என்பதை ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனியாகப் படிவம் போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. ஒருமுறை பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் முடிந்தது. தனியார் கல்லூரிகளின் பெரிய டிப்ளோமாக்களுக்கும் இதையே செய்யலாம். தகுதிப் பதிவேடு ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது, அதில் இன்னொரு பத்தி சேர்ப்பதுதான் வேலை.

அதுவரை விண்ணப்பிப்பவர்தான் அந்தப் பத்தியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும்: இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஒரே அவுட்லைன் கட்டை அனுப்பி, எந்தெந்தப் பாடம் கழியும் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே டிப்ளோமாவுக்கு ஒரு கல்லூரி பன்னிரண்டு பாடமும் இன்னொன்று ஏழு பாடமும் தர முன்வந்தால், ஏன் ஐந்து குறைந்தது என்று காரணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்டால் பதில் வரும்.